கோல்ஃப் கேடியாக இருந்த பெரியப்பாவும் சிங்கப்பூர் ஓப்பனும்

ஜனவரி 28, 2016, வியாழன்

சாங்கியில் இறங்கியபோது காலை ஆறே முக்கால். பெரியப்பா ராத்திரி முழுக்கக் கண்ணை மூடவில்லை. எழுபத்தொரு வயதில் முதல் விமானப் பயணம். பேத்தி பிறந்தபோது அக்கா எவ்வளவோ கூப்பிட்டும் வராதவர், பெரியம்மாவை மட்டும் அனுப்பிவைத்தார். இப்போது கிளம்பியதற்குக் காரணம் அத்தான் போனில் சொன்ன ஒரு செய்தி: "மாமா, மூணு வருஷமா நின்னுபோயிருந்த சிங்கப்பூர் ஓப்பன் கோல்ஃப் போட்டி ஜனவரியில மறுபடி நடக்குது. வந்தீங்கன்னா பார்க்கலாம்." மறுநாளே பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போய்விட்டார். துணைக்கு நான்.

கோல்ஃப் என்றால் பணக்காரர் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரியப்பா பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வரை கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் நடுவில் இருக்கும் கோல்ஃப் திடலில் கேடியாக, அதாவது ஆட்டக்காரரின் பையைச் சுமந்து கூடவே நடப்பவராக, இருந்தவர். தோளில் பை, கால் வெறும் கால். முதல் இரண்டு வருடம் பைகூடக் கிடையாது. பந்து எங்கே விழுகிறது என்று முன்னால் போய் நின்று பார்த்து, கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அப்புறம் ஒரு அச்சகத்தில் சேர்ந்து நாற்பது வருடம் அங்கேயே இருந்தார். ஆனாலும் பேப்பரில் கோல்ஃப் செய்தி வந்தால் கத்தரித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பார். அந்த டப்பா இப்போது என் பெட்டிக்குள் இருக்கிறது. கைப்பையில் வைக்கலாமா, பெட்டியில் போடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

அக்கா வீடு ஃபேரர் பார்க் பக்கம், அரசு கட்டிய வீவக அடுக்குமாடியின் ஒன்பதாவது தளம். பையை வைத்த கையோடு கீழே சாப்பிட இறங்கினோம். பிராட்டா (நம் பரோட்டாதான்) ஒன்று ஒரு வெள்ளி, தே தாரிக் (நுரைக்க ஆற்றிய பால் டீ) ஒரு வெள்ளி இருபது காசு. இங்கே டாலரை வெள்ளி என்றுதான் நம் ஆட்கள் சொல்கிறார்கள், கேட்கவே நன்றாக இருக்கிறது. ஒரு வெள்ளி கிட்டத்தட்ட 48 ரூபாய். பெரியப்பா மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு இரண்டாவது பிராட்டா வேண்டாம் என்றார். அத்தான் காதில் வாங்கவில்லை, மூன்று சொல்லிவிட்டார். மீன் குழம்பு தனியாகக் கிண்ணத்தில் வந்தது. புளி கம்மி, மிளகு தூக்கல்.

அங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது. காலி மேசை ஒன்றில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று பெரியப்பா அதை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பாக்கெட் வைத்தால் இடம் பிடித்தாகிவிட்டது என்பது இந்த ஊர் வழக்கமாம். இரண்டு தட்டோடு வந்து நின்ற சீனப் பாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தார், பாக்கெட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். விஷயம் தெரிந்ததும் பெரியப்பா எழுந்து போய்க் கை கூப்பினார். அந்தப் பாட்டி பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழம் எடுத்து நீட்டினார். சீனப் புத்தாண்டுக்குப் பதினோரு நாள்தான் இருக்கிறது, ஊரெல்லாம் ஆரஞ்சு.

வீட்டுக்குத் திரும்பும்போது தெருப் பலகையைப் பார்த்து நின்றுவிட்டார். ரேஸ் கோர்ஸ் ரோடு.

"இங்க எங்கடா குதிரை?"

அத்தான் சிரித்தார். "நாளைக்குச் சொல்றேன் மாமா. தூங்குங்க முதல்ல."

ஜனவரி 29, வெள்ளி

அத்தான் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறார், ஆனால் விடுமுறை நாள் என்றால் நூலகத்தில்தான் இருப்பார். பெரியப்பா வருகிறார் என்றதும் ஒரு நோட்டு நிறையக் குறித்துவைத்திருந்தார். காலை ஏழரைக்கு எங்களை ஃபேரர் பார்க் திடலுக்குக் கூட்டிப்போனார். பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மலாய்க்காரர் தனியாக ஓடிக்கொண்டிருந்தார். சுற்றிலும் அடுக்குமாடிகள். நடுவில் பச்சைப் புல், ராத்திரி மழையில் சொதசொதவென்று கிடந்தது.

"மாமா, இதுதான் பழைய குதிரைப் பந்தயத் திடல். இந்த ஊர்ல கோல்ஃப் தொடங்குனதும் இங்கதான்."

பெரியப்பாவுக்கு நம்பவே முடியவில்லை. சிங்கப்பூரில் குதிரைப் பந்தயச் சங்கம் 1842-ல் ஏற்பட்டது. அப்போது இந்தப் பக்கம் ஊருக்கு வெளியே சதுப்பும் புல்வெளியுமாக இருந்தது. 1891-ல் கோல்ட்னி என்ற நீதிபதி முன்கை எடுத்து, பந்தயப் பாதைக்கு உள்ளே ஒன்பது குழி வைத்து கோல்ஃப் கிளப் ஆரம்பித்தார்கள். குதிரை ஓடாத நேரத்தில் பந்தை அடிப்பது. கிண்டியிலும் அதே கதைதான். "சனி, ஞாயிறு ரேஸ் இருந்தா எங்களுக்கு வேலை கிடையாது, காசும் கிடையாது. வேலியோரமா உட்கார்ந்து குதிரை பார்ப்போம்" என்றார் பெரியப்பா. வெள்ளைக்காரன் எங்கே போனாலும் குதிரைக்கு நடுவில்தான் பந்தை அடித்திருக்கிறான்.

1924-ல் கோல்ஃப் கிளப் புக்கிட் தீமா பக்கம் போய்விட்டது. 1933-ல் குதிரைகளும் அந்தப் பக்கமே போயின. திடல் மட்டும் இங்கே மிஞ்சியது. அதற்குப் பிறகு நடந்தது கோல்ஃபோடு சம்பந்தமில்லாதது, ஆனால் இந்தப் புல்லில் நின்றுகொண்டு சொல்லாமல் இருக்க முடியாது. 1942 பிப்ரவரி 17-ஆம் தேதி, சிங்கப்பூர் விழுந்த இரண்டாம் நாள், பிரிட்டிஷ் படையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் நாற்பதாயிரம் பேருக்கு மேல் இங்கேதான் கூட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். இந்திய தேசிய ராணுவத்தை முதலில் அமைத்த கேப்டன் மோகன் சிங் பேசியதும் இங்கேதான். அந்த ராணுவத்தின் முதல் அடி இந்த மண்ணில் விழுந்தது. பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். ஈரப் புல்லில் வெறுங்காலோடு ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார். நாங்கள் எதுவும் பேசவில்லை.

மதியம் அதே ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலைச் சாப்பாடு. மீன் தலைக் கறி சின்னது 22 வெள்ளி. "ஆயிரத்து ஐம்பது ரூபாய்க்கு ஒரு தலை" என்று முதலில் தயங்கியவர், கன்னத்துச் சதையைப் பிய்த்து வாயில் வைத்ததும் கணக்கை விட்டுவிட்டார். வெண்டைக்காயும் அன்னாசியும் குழம்பில் மிதந்தன. அன்னாசி எனக்கு ஒத்துவரவில்லை, அவர் என் இலையிலிருந்தும் எடுத்துக்கொண்டார். பரிமாறிய பையன் மன்னார்குடி. பெரியப்பாவுக்கு அப்பளம் மட்டும் நாலு முறை வந்தது, பில்லில் ஏறவில்லை.

சாயங்காலம் பெருமாள் கோயில். போன ஞாயிற்றுக்கிழமைதான் தைப்பூசம் முடிந்திருக்கிறது. காவடிகள் இங்கிருந்து கிளம்பி டேங்க் ரோடு முருகன் கோயில் வரை போயிருக்கின்றன. ஒரு வாரம் முன்னால் டிக்கெட் போட்டிருக்கலாமே என்று அக்கா இன்னும் குறைபட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வது சரிதான்.

ஜனவரி 30, சனி

டிவியில் ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. நாளை கடைசிச் சுற்றை நேரில் பார்ப்பதாகத் திட்டம். இன்று மெக்ரிட்சி நீர்த்தேக்கம். புக்கிட் தீமாவுக்குப் போன கோல்ஃப் கிளப் என்ன ஆனது என்று பெரியப்பா விடவில்லை. உறுப்பினர் இல்லாதவர்கள் உள்ளே போக முடியாது, ஆனால் நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போகும் பலகைப் பாதையில் ஒரு பக்கம் காடு, மறுபக்கம் கோல்ஃப் திடல், வேலிகூடத் தெரியாத நெருக்கம்.

பாதை கால் வைக்க வசதியாக இருந்தது, ஆனால் புழுக்கம். பத்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அக்கா கட்டிக்கொடுத்த மசால் வடைப் பொட்டலத்தைப் பெரியப்பா கையில் வைத்திருந்தார். ஒரு குரங்கு வந்தது. நம் ஊர்க் குரங்கைப் போலப் பல்லைக் காட்டி மிரட்டவில்லை. சாவகாசமாகப் பக்கத்தில் வந்து பொட்டலத்தின் நுனியைப் பிடித்து இழுத்தது. பெரியப்பா மரியாதையாக விட்டுவிட்டார். ஆறு வடையும் போயிற்று. பின்னால் வந்த ஒரு தம்பதி, மாண்டரினில் ஏதோ சொல்லிக்கொண்டே, தங்கள் பிஸ்கட்டில் பாதியை எங்களுக்குக் கொடுத்தார்கள். குரங்குக்குத் தெரியாமல் சட்டைக்குள் மறைத்துக் கொடுத்தார்கள்.

மரங்களின் இடைவெளியில் ஃபேர்வே, அதாவது புல் வெட்டிய ஆட்டப் பாதை, தெரிந்த இடத்தில் உட்கார்ந்தோம். அத்தான் நோட்டைப் பிரித்தார். இங்கே வந்த கிளப்புக்கு 1938-ல் ராயல் பட்டம் கிடைத்தது. பக்கத்திலேயே ஐலண்ட் கிளப் என்று இன்னொன்று எல்லா இனத்தாருக்கும் இடம் கொடுத்து நடந்துகொண்டிருந்தது. 1963-ல் இரண்டும் சேர்ந்து சிங்கப்பூர் ஐலண்ட் கண்ட்ரி கிளப் ஆயின. சிங்கப்பூர் ஓப்பன் அதற்கு முன்பே, 1961-ல் தொடங்கிவிட்டது. முதல் பட்டம் ஆஸ்திரேலியாவின் பிராங்க் பிலிப்ஸுக்கு. பிலிப்பைன்ஸ், மலாயா, ஹாங்காங், ஜப்பான் என்று அடுத்தடுத்த வாரங்களில் நடக்கும் ஓப்பன்களை ஒரே சரட்டில் கோத்து, ஆட்டக்காரர்கள் ஊர் ஊராகப் போய் ஆடும்படி அப்போதுதான் ஒரு சுற்று உருவானது. ஆசியாவில் தொழில்முறை கோல்ஃப் சுற்றுக்கு அதுதான் ஆரம்பம். 1969-ல் உலகக் கோப்பையே இந்தத் திடலுக்கு வந்தது. அமெரிக்காவின் லீ டிரெவினோவும் ஆர்வில் மூடியும் ஜெயித்தார்கள்.

"டிரெவினோவும் சின்ன வயசுல கேடிதான்" என்றார் பெரியப்பா.

பிஸ்கட் டப்பா அப்போதுதான் திறந்தது. மேலே இருந்தது 1991-ஆம் ஆண்டுத் துண்டு, ஓரம் பழுத்துப்போயிருந்தது. அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர், அந்த வருடம் இந்தியன் ஓப்பனை வென்றார். 1964-ல் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன் முதல் பட்டம் வாங்கியதிலிருந்து அதுவரை ஜெயித்த ஒரே இந்தியர் 1965-ல் பி.ஜி. சேத்தி. அவர் அமெச்சூர், காசுக்கு ஆடாதவர். அதாவது இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் சொந்த ஓப்பனை ஜெயிக்க இருபத்தேழு வருடம் ஆயிற்று, ஜெயித்தவர் ஒரு கேடி. 1993-ல் மறுபடியும் அவரே.

பெரியப்பா வழக்கமாக அதிகம் பேச மாட்டார். இன்று பேசினார். நம் ஊரில் உறுப்பினர் பிள்ளைகள் அமெச்சூராக ஆடுவார்கள், கோப்பை வாங்குவார்கள், படிக்கப் போய்விடுவார்கள். காசுக்கு ஆடுவது கேடிப் பையன்கள்தான். உறுப்பினர் தூக்கிப் போட்ட ஒற்றைக் கட்டையை வைத்துக்கொண்டு பழகுவார்கள். "திங்கக்கிழமை காலையில திடல் மூடியிருக்கும். அன்னிக்கு மட்டும் எங்களை ஆட விடுவாங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி தூக்கமே வராது." தொழில்முறை ஆட்டக்காரர் ஆனாலும் பிழைப்பு கிடையாது. வருடத்துக்கு எத்தனை போட்டி, எங்கே, எவ்வளவு பரிசு என்று எதுவும் நிலையாக இருக்காது. 2006-ல் பி.ஜி.டி.ஐ. என்ற இந்தியத் தொழில்முறைச் சுற்று வந்தது. ஒரு வருடக் காலண்டர், தரவரிசை, தகுதிப் போட்டி எல்லாம் ஒரே குடையின் கீழ் வந்தது. மூன்றே வருடத்தில், 2009-ல், பெங்களூருவில் கேடியாக இருந்த சி. முனியப்பா இந்தியன் ஓப்பனை வென்றார். அந்தத் துண்டும் டப்பாவில் இருக்கிறது. படத்தில் அவர் முகம் மங்கிவிட்டது, கோப்பை மட்டும் தெரிகிறது.

"எனக்கு இருபது வயசுல இப்படி ஒண்ணு இருந்திருந்தா" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

அத்தானும் ஒன்று சொன்னார். மர்தான் மாமாட், சிங்கப்பூர்க்காரர், அவரும் சின்ன வயதில் கேடி. ஆசியச் சுற்றில் பட்டம் வென்ற முதல் சிங்கப்பூர்க்காரர் அவர்தான், வென்ற இடம் நம் இந்தியன் ஓப்பன், 2004-ல். 2006-ல் சொந்த மண்ணில் சிங்கப்பூர் மாஸ்டர்ஸ் ஜெயித்து ஐரோப்பியச் சுற்றிலும் பட்டம் வாங்கினார். பெரியப்பா பெயரை இரண்டு தடவை சொல்லச் சொல்லி, பேனா வாங்கி, டப்பா மூடியின் உள்பக்கம் எழுதிக்கொண்டார்.

ஜனவரி 31, ஞாயிறு

இன்று எல்லாமே ஈரம்.

போட்டி நடக்கும் செந்தோசாத் தீவு கோல்ஃப் திடலுக்கு டாக்சியில் போனோம். சேரப்பொங் என்பது திடலின் பெயர். ஒரு பக்கம் கடல், அதற்கு அந்தப் பக்கம் கண்டெய்னர் கிரேன்கள் வரிசையாக நிற்கின்றன. துறைமுகத்தின் இரைச்சலுக்கு நடுவில் ஒருவன் பட் அடிக்கும்போது, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும்போது, ஆயிரம் பேர் மூச்சை அடக்கி நிற்கிறார்கள். நேரில் பார்த்தால்தான் இது புரியும்.

பெரியப்பா இந்தப் பயணத்துக்கென்று பீரோவிலிருந்து ஒரு பழைய தோல் ஷூவை எடுத்துப் போட்டு வந்திருந்தார். பத்து வருடமாகப் போடாதது. ஐந்தாவது குழிக்குப் பக்கத்தில் இடது காலின் அடித்தோல் முழுசாகப் பிரிந்து வாயைத் திறந்தது. நடந்தால் சப், சப் என்று சத்தம். ஆட்டக்காரர்களுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று அவர் நடக்கவே மறுத்துவிட்டார். ஒரு மரத்தடியில் அசையாமல் நின்றார்.

வேலை செய்யும் தம்பி ஒருவர் அந்தப் பக்கம் ஒரு வண்டியில் வந்தார். கறுத்த முகம், அகலத் தொப்பி, முட்டி வரை ரப்பர் பூட்ஸ். நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். "என்ன ஐயா ஆச்சு?" என்று தமிழில் கேட்டார். பட்டுக்கோட்டைப் பக்கம். வண்டியிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் கட்டுப்பட்டி எடுத்து, முட்டி போட்டு உட்கார்ந்து, ஷூவைச் சுற்றி இறுக்கி, நீட்டிக்கொண்டிருந்த நுனியைக் கத்தரித்துவிட்டார். பெரியப்பா குனிந்து அவர் தோளைத் தொட்டு, "நானும் இந்த வேலைதான் தம்பி" என்றார். அந்தத் தம்பிக்கு உடனே புரியவில்லை. கிண்டி என்றதும் புரிந்தது.

மதியத்துக்குப் பிறகு வானம் கறுத்தது. இந்த ஊரில் வருடத்தில் பாதி நாள் எங்கேயாவது இடி இடிக்கும் என்று அத்தான் சொல்லியிருந்தார். கோல்ஃப் திடலில் மின்னலை விட ஆபத்து இல்லை, வெட்டவெளியில் கையில் இரும்புக் கம்பியோடு நிற்கிறோம். சைரன் ஊதியது. ஊதிய நொடியே ஆட்டம் நிற்க வேண்டும், அடித்துக்கொண்டிருந்தாலும் நிறுத்த வேண்டும். ஐந்து நிமிடத்தில் மழை கொட்டியது. நாங்கள் ஒரு கூடாரத்துக்குள் ஒதுங்கினோம். கொஞ்ச நேரத்தில் அந்தப் பட்டுக்கோட்டைத் தம்பியும் வந்து சேர்ந்தார்.

மழை விடும்வரை பேசினோம். காலை நாலரைக்கே அவர்கள் வேலை ஆரம்பமாம். குழியைச் சுற்றி இருக்கும் வழவழப்பான கிரீனில் புல்லை வெட்டுவது, பங்கர் என்ற மணல் பள்ளங்களை வாருவது, அப்புறம் குழியை மாற்றுவது. ஒவ்வொரு நாளும் கிரீனில் குழி இடம் மாறும். உருளை மாதிரி ஒரு கருவியை நிற்கவைத்து அழுத்தித் திருகினால் நாலே கால் அங்குல அகலத்துக்கு மண் உருளையாக வெளியே வரும். அந்த உருளையை அப்படியே கொண்டுபோய் நேற்றைய குழியில் வைத்து அமுக்கி, தண்ணீர் தெளித்து, புல் நுனிகளை ஒரு முட்கரண்டியால் சேர்த்துவிடுவார்கள். மறுநாள் பார்த்தால் அங்கே குழி இருந்ததே தெரியாது. "எங்க காலத்துல பழைய டின்னு வச்சு வெட்டுவோம்" என்றார் பெரியப்பா. இருவரும் கையால் காற்றில் திருகிக் காட்டிக்கொண்டார்கள். சுற்றி நின்ற ஜப்பானியர் இருவர் அதைப் பார்த்துச் சிரித்து, குனிந்து வணங்கினார்கள்.

இந்தப் போட்டிக்குப் பரிசு மொத்தம் பத்து லட்சம் அமெரிக்க டாலர். நாலு நாள், எழுபத்திரண்டு குழி. இரண்டு நாள் முடிந்ததும் ஏறக்குறைய பாதிப் பேர் வெளியே. வெளியே போனவர்களுக்கு ஒரு காசும் கிடையாது. விமானம், ஓட்டல், கேடிச் சம்பளம் எல்லாம் அவர்கள் கைக்காசு. இதை டிவி சொல்லாது. வெற்றியைத்தான் காட்டும். பெரியப்பா கண்ணில் பட்டவர்களெல்லாம் கீழ் வரிசையில் இருந்தவர்கள்தான். இந்த வாரம் என்ன கிடைத்தால் அடுத்த வாரம் தாய்லாந்துக்கு டிக்கெட் எடுக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள். "வேர்த்து நிக்கறான் பாரு, அவனுக்கு அந்த ஒரு பட்தான் வாடகை."

1994-ல் ஆசிய நாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஆசியச் சுற்று என்று தனியாக ஒன்று வைக்க முடிவெடுத்தார்கள், 1995-ல் முதல் பருவம் நடந்தது. பழைய சுற்றை நடத்தியது அமெச்சூர் சங்கங்களின் கூட்டமைப்பு. தங்கள் பிழைப்பைத் தாங்களே நடத்த வேண்டும் என்று ஆடுகிறவர்கள் நினைத்ததில் எனக்கு முழு நியாயம் தெரிகிறது. அந்தச் சுற்றின் தலைமையகம் 2007-ல் இதே செந்தோசாவுக்கு வந்தது. அதன் வருடாந்தர முதலிடம் நம்மவர்களுக்கும் கிடைத்திருக்கிறது: 2002-ல் ஜோதி ரந்தாவா, 2003-ல் அர்ஜுன் அத்வால், 2006-லும் 2008-லும் ஜீவ் மில்கா சிங், போன வருடம் அனிர்பன் லாகிரி. 2008-ல் ஜீவ் இந்தத் திடலில்தான் அயர்லாந்தின் பாட்ரிக் ஹாரிங்டனையும் தென்னாப்பிரிக்காவின் எர்னி எல்ஸையும் ஒரே அடி வித்தியாசத்தில் முந்தி சிங்கப்பூர் ஓப்பனை வாங்கினார்.

மழை விட்டும் வெளிச்சம் வரவில்லை. மிச்சம் நாளைக்கு என்று அறிவித்தார்கள். நாளைதான் எங்கள் விமானம், நல்லவேளையாக ராத்திரி. டாக்சிக்கு ஒரு மணி நேரம் வரிசையில் நின்றோம். முன்னால் நின்ற இளைஞர் ஒருவர் பெரியப்பாவின் காலைப் பார்த்துவிட்டு, தன் முறை வந்ததும் ஒதுங்கி எங்களை ஏற்றிவிட்டார்.

வீட்டில் சூடாக ரசம். டிவியில் நிலவரம் சொன்னார்கள். உலகின் முதல் நிலை ஆட்டக்காரரான ஜோர்டன் ஸ்பீத்துக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு பட், பதினெட்டாவது கிரீனில், ஐந்தடி தூரத்தில். அதற்காக அவர் ஒரு ராத்திரி காத்திருக்க வேண்டும். முன்னணியில் இருப்பது கொரியாவின் சாங் யங்-ஹான், பதினாறாவது கிரீனில் நிற்கிறார். பெரிய சுற்றில் இதுவரை பட்டமே வாங்காதவர்.

"நாளைக்குத் திங்கக்கிழமை" என்றார் பெரியப்பா. வேறு ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். அவர் ஹாலில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி 1, திங்கள்

அத்தானுக்கு வேலை. நானும் பெரியப்பாவும் மட்டும் போனோம். அக்கா முஸ்தபாவில் 19 வெள்ளிக்கு ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கிவைத்திருந்தாள். ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் கடை ஒன்று வீட்டுப் பக்கத்தில் இருப்பது எவ்வளவு சௌகரியம்!

நேற்றைய கூட்டத்தில் கால்வாசிகூட இல்லை. புல்லில் தண்ணீர் மினுங்கியது. தொழிலாளர்கள் ரப்பர் தகடு வைத்த நீளக் கம்பால் கிரீனில் தேங்கிய நீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பட்டுக்கோட்டைத் தம்பி தூரத்தில் தெரிந்தார், கை காட்டினார்.

ஸ்பீத் வந்தார். குறி வைத்த இடத்தில் பந்தை வைத்துவிட்டுக் குறியை எடுத்தார். அடித்தார். உள்ளே விழுந்தது. பர்டி, அதாவது அந்தக் குழிக்கு வகுத்த கணக்கை விட ஓர் அடி குறைவு. அவர் அன்றைக்கு ஆடியது அவ்வளவுதான், ஒரே அடி. நாலு சுற்றும் சேர்த்து மொத்தம் 273 அடி. குறைவாக அடித்தவர்தான் ஜெயிப்பார்.

பெரியப்பா அவரைப் பார்க்கவில்லை. அவருடைய கேடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு அடிக்கும் கேடி முழுப் பையையும் சுமந்துகொண்டு வந்திருந்தார். "ஒரு கட்டைதான் வேணும்னு தெரியும். ஆனா பையோடதான் வரணும். அதான் வேலை."

சாங் பதினாறில் விட்ட இடத்தில் தொடங்கி, பார், அதாவது குழிக்கு வகுத்த கணக்கு, தவறாமல் இருக்க வேண்டிய பட்டை உள்ளே போட்டார். பதினேழும் பார். பதினெட்டுக்கு அவர் வரும்போது நாங்கள் கயிற்றை ஒட்டி நின்றோம். கடைசி பட் உள்ளே விழுந்ததும் அவர் கையைத் தூக்கினார், முகத்தில் சிரிப்பு வர ஒரு கணம் ஆயிற்று. 272. ஒரே அடி வித்தியாசத்தில், உலகின் முதல் ஆட்டக்காரரை முந்தி, வாழ்க்கையின் முதல் பெரிய பட்டம். கைதட்டல் பெரிதாக இல்லை, நாங்கள் இருந்ததே கொஞ்சம் பேர். பெரியப்பா மட்டும் விடாமல் தட்டினார். பக்கத்தில் இருந்த கொரியப் பெண்மணி ஒருவர் அழுதுகொண்டே பெரியப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருவருக்கும் பொதுவான ஒரு வார்த்தை கிடையாது.

வரும் வழியில் துறைமுகத்துக்கு எதிரே உணவங்காடியில் சாப்பிட்டோம். மீ கோரிங் (வறுத்த நூடுல்ஸ்) நாலு வெள்ளி, இரண்டு பேருக்குப் போதும். காரம் கண்ணில் நீர் வரவழைத்தது. பெரியப்பா இந்த முறை டிஷ்யூ பாக்கெட் வைத்துத்தான் இடம் பிடித்தார்.

நாலு மணிக்கு அக்கா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும் பெரியப்பா அவளைக் கூட்டிக்கொண்டு ஃபேரர் பார்க் திடலுக்கு இறங்கினார். கையில் ஒரு டென்னிஸ் பந்தும் அத்தானின் வளைந்த பிடிக் குடையும். நானும் பின்னாலேயே போனேன். குடையைத் தலைகீழாகப் பிடிக்கச் சொல்லி, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடியில் வைத்துக்கொடுத்தார். கால்களை அகட்டி நிற்கவைத்தார்.

"தாத்தா, நீங்க அடிங்க முதல்ல."

"நான் அடிச்சது போதும்மா. நீ அடி. எங்க விழுதுன்னு நான் பார்க்கறேன்."

புது ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஈரப் புல்லில் நாற்பது அடி முன்னால் போய் நின்றார். கையைத் தூக்கிக் காட்டினார்.